வலதுபக்கப் பின்கதவு

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், விமானத்தில் கதவு பார்க்கிற வேலை என்று சொல்வேன். பெரும்பாலும் பேச்சு அதோடு முடிந்துவிடும். விடாமல் கேட்கிறவர்கள், கதவில் பார்க்க அப்படி என்ன இருக்கிறது என்பார்கள். கீல் இருக்கிறது, பூட்டு இருக்கிறது, சுற்றிலும் ரப்பர் இருக்கிறது, அடியில் அவசரத்துக்கு இறங்குகிற ஸ்லைடு மடித்து வைத்திருக்கிறது என்று விளக்குவேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, துபாய்க்குச் சலுகையில் டிக்கெட் கிடைக்குமா என்று கேட்பார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் திருவனந்தபுரம் விமான நிலையத்தில், ஒரு விமானக் கம்பெனியின் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தேன். கதவுகளையும் ஸ்லைடுகளையும் பார்க்கும் பகுதியில் நான் ஒருத்திதான் பெண். எனக்காக ஒரு கழிப்பறையை ஒதுக்கி, பூட்டுப் போட்டு, சாவியை எங்கள் மேலதிகாரியின் மேஜை டிராயரில் வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் அவரிடம் போய்க் கேட்க வேண்டும். அவர் கொல்லத்துக்காரர், கண்ணியமான மனிதர். சாவியைக் கொடுக்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி மட்டும்தான் இருந்தது. நெடுநாள் அந்தத் தொட்டியைப் பார்த்த பிறகு, சாவியை நானே வைத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டார்.

ஸ்லைடைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரப்பர் பூசிய கெட்டித் துணியில் செய்தது. காற்று நிறைந்தால் பள்ளிக்கூடத்துச் சறுக்குமரம் போல ஆகும். அதை ஒரு பெட்டிக்குள் அடங்கும்படி மடித்து, காற்றுச் சிலிண்டரோடு கதவின் அடியில் பொருத்தியிருப்பார்கள். அதன் நுனியில் ஒரு கம்பி உண்டு. விமானம் புறப்படும் முன் பணிப்பெண் குனிந்து அந்தக் கம்பியைத் தரையில் இருக்கும் கொக்கிகளில் மாட்டுவார். அதற்குப் பிறகு யார் கதவைத் திறந்தாலும் கதவு வெளியே போகும், கம்பி தரையிலேயே நிற்கும், ஸ்லைடு பெட்டியிலிருந்து உருவிக்கொண்டு வெளியே விழுந்து சில நொடிகளில் ஊதிவிடும். விமானம் வந்து நின்றதும் கம்பியைக் கழற்றிக் கதவிலேயே மாட்டிவிட வேண்டும். கம்பி தரையில் இருக்கிறது என்பதற்கு அடையாளமாகக் கதவின் சின்னக் கண்ணாடிக்குக் குறுக்கே ஒரு சிவப்புப் பட்டையை இழுத்து மாட்டுவார்கள். வெளியே நிற்பவர் பட்டையைப் பார்த்தால் கதவைத் தொடக் கூடாது. விஷயம் இவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு ஸ்லைடையும் கழற்றி எங்கள் பட்டறைக்குக் கொண்டுவருவோம். தரையில் விரித்துக் காற்றடைத்து, எங்காவது ஒழுகுகிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்து, காற்றை இறக்கி, பவுடர் போட்டு மறுபடி மடிப்போம். படம் போட்ட புத்தகம் ஒன்று இருக்கிறது. எந்த மடிப்புக்கு மேல் எந்த மடிப்பு என்பதை அதைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும், எவ்வளவு மனப்பாடமாக இருந்தாலும். மடிப்பு மாறினால் விரியாது. முழங்காலை ஊன்றி அழுத்தி, மிச்சமிருக்கும் காற்றை வெளியேற்றி, கயிறு கோத்துக் கட்டி, விமானத்தில் திரும்ப மாட்டுவோம். பிறகு அது விரியக் கூடாது என்பதே எல்லோருடைய விருப்பமும். மடித்தது விரியாமலே திரும்பி வரும். பிரித்துப் பார்த்து மறுபடி மடிப்போம்.

அப்பா சாலை என்கிற பெரிய கடைத்தெருவில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்தார். நாங்கள் ஆரியசாலைப் பக்கம் ஒரு சந்தில் குடியிருந்தோம். வருகிறவர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகும் துணியை மடித்து அடுக்குவதில் அவருடைய பகல் முழுக்கப் போகும். என் வேலையில் பெரும்பகுதி மடிப்பதுதான் என்று தெரிந்தபோது, அவர் சோற்றில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"மடிக்கதுக்கா மக்ளே இவ்வளவு படிச்சே," என்றார். "அத நம்ம கடையிலயே செய்திருக்கலாமே."

வேலையில் சேர்ந்து சில வருடம் கழித்து, ஜூனில் இடவப்பாதி மழை ஆரம்பித்த வாரத்தில் ஒரு முற்பகல். வளைகுடாவிலிருந்து வந்த விமானம் வந்து நின்றிருந்தது. நான் பட்டறையில் வேறொரு கதவின் ரப்பரை ஒட்டிக்கொண்டிருந்தேன். லாரி டயர் வெடித்த மாதிரி ஒரு சத்தமும், அதன் பின்னால் நீளமாக ஒரு சீறலும் கேட்டன. அந்தச் சீறல் எனக்குத் தெரிந்த சத்தம். ஆனால் அதைக் கூரைக்குக் கீழேதான் கேட்டிருக்கிறேன். கையில் பசையோடு மழையில் ஓடினேன்.

விமானத்தின் வலதுபக்கப் பின்கதவு திறந்து கிடந்தது. அதை ஒட்டிச் சாப்பாட்டு லாரி நின்றது. சாப்பாட்டு லாரி என்பது, பின்னாலிருக்கும் பெட்டியைக் கதவு உயரத்துக்குத் தூக்கிக்கொள்கிற வண்டி. பெட்டியின் முன்னால் ஆள் நிற்க ஒரு மேடை இருக்கும். எங்கள் ஸ்லைடு அந்த மேடையில் இடித்து, பாதி பெட்டிக்கு உள்ளேயும் பாதி வெளியேயுமாக விரிந்து, மழையில் நனைந்துகொண்டிருந்தது. விமானத்தின் முன்பக்கப் படியில் பயணிகள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் டேப் ரிக்கார்டர் பெட்டியைத் தோளில் வைத்தபடி நின்று பார்த்துவிட்டு, லக்கேஜ் இனிமேல் இந்த வழியாகத்தான் வருமா என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன்.

மேடையில் நின்றிருந்த ஆளை ஸ்லைடு அப்படியே பெட்டிக்குள் தள்ளியிருந்தது. சாப்பாட்டு டிராலிகள் இரண்டுக்கு நடுவே அவர் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் போகும் விமானத்துக்காக வைத்திருந்த பிரியாணியில் கொஞ்சம் அவர் மேல் இருந்தது. உதடு கிழிந்திருந்தது, இடது தோள் ஒரு பக்கமாகத் தொங்கியது. சாப்பாட்டுக் கம்பெனியின் சூப்பர்வைசர் அவர். நாகர்கோவில் பக்கத்துக்காரர் என்பது வரை எனக்குத் தெரியும். பேசியதில்லை.

கதவுக்கு உள்ளே பணிப்பெண் ஒருத்தி சுவரில் சாய்ந்து நின்று அழுதுகொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாதவள். அவரை ஆம்புலன்சில் ஏற்றி அனுப்பிய பிறகு நான் மேலே போய்ப் பார்த்தேன். கம்பி தரையில், கொக்கிகளில், ஒழுங்காக மாட்டியபடி இருந்தது. சிவப்புப் பட்டை ஒரு பக்கம் மட்டும் மாட்டியபடி தொங்கியது. கதவு திறந்த வேகத்தில் அறுந்ததா, முன்பே யாராவது கழற்றியதா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

ஸ்லைடின் பக்கவாட்டில் இருந்த அட்டையைப் பார்த்தேன். மடித்தது நான். அதுவரை நான் மடித்ததில் ஒன்றுகூட விமானத்திலிருந்து விரிந்ததில்லை. இது எங்கும் சிக்காமல், முழுதாக, சொன்ன நேரத்துக்குள் விரிந்திருந்தது. லாரிப் பெட்டியின் விளிம்பு கிழித்த இடத்தைத் தவிர ஒரு குறையும் இல்லை. ஒரு ஆள் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும் நேரத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

விசாரணை வைத்தார்கள். கருவியில் குறை இல்லை என்று நான் சொன்னதும் எல்லோருக்கும் வருத்தம்தான். கருவியில் குறை இருந்திருந்தால் மனிதர்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்காது. பணிப்பெண் பக்கத்து மூத்தவர்கள், அவள் கம்பியைக் கழற்றிவிட்டாள், லாரி வந்து இடித்ததில்தான் ஏதோ நடந்தது என்றார்கள். சாப்பாட்டுக் கம்பெனியின் மேனேஜர், கண்ணாடியில் பட்டையே இல்லை, கதவையும் உள்ளிருந்துதான் திறந்தார்கள் என்றார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கம்பி தானாகத் தரையில் மாட்டிக்கொண்டு, கதவும் தானாகத் திறந்திருக்க வேண்டும். எங்கள் மேலதிகாரி இரண்டையும் கேட்டுக்கொண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"நிங்ஙள் ரண்டாளும் தமிழல்லே," என்றார். "போய் ஒந்நு சோதிச்சு வரூ. பட்டை உண்டாயிருந்நோ இல்லயோ." அடிபட்டவரும் நானும் தமிழ் என்பதால், பட்டை இருந்ததா இல்லையா என்று நான் போய்க் கேட்டு வர வேண்டும்.

ஆஸ்பத்திரியில் அவருக்குத் தோளில் கட்டுப் போட்டுச் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். பக்கத்தில் மேனேஜர் வாங்கி வந்த ஆப்பிள்கள் இருந்தன. எதற்காக வந்திருக்கிறேன் என்று சொன்னேன். அவர் ஆப்பிளைக் காட்டி, எடுத்துக்கொள்ளச் சொன்னார். மேனேஜர் காலையில் வந்து ரொம்ப நேரம் இருந்தார் என்றும், பட்டை இல்லை என்று சொல்லச் சொல்லிப் பல தடவை சொல்லிக்கொடுத்தார் என்றும் சாதாரணமாகச் சொன்னார். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி.

"அப்ப பட்டை இருந்துதா?" என்று கேட்டேன்.

"குறுக்கதான் கெடந்தது. நான் கண்டேன். கண்டுட்டுதான் தொறந்தேன்."

அவரே தொடர்ந்தார். பல விமானங்களில் கம்பியைக் கழற்றிவிட்டும் பட்டையை எடுக்காமல் விட்டுவிடுவார்கள். அப்படி எத்தனையோ முறை பட்டை கிடக்கும்போதே திறந்திருக்கிறார், ஒன்றும் ஆனதில்லை. தட்டிவிட்டு உள்ளேயிருந்து பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது தெரியும். மழையில் நனைந்துகொண்டு, இறக்க வேண்டியதும் ஏற்ற வேண்டியதும் வரிசையில் இருக்கும்போது யாரும் காத்திருப்பதில்லை. அவரும் காத்திருக்கவில்லை. செவப்புன்னா சும்மா ஒரு நெறம்னு ஆகிப்போச்சு, என்றார்.

பிறகு அவர் கேட்டது நான் எதிர்பார்க்காதது. ஸ்லைடு ஒழுங்காக விரிந்ததா என்று கேட்டார். தனக்கு ஒன்றும் பார்க்கக் கிடைக்கவில்லையாம். நன்றாக விரிந்தது என்றேன். யார் மடித்தது என்றார்.

"நான்தான்."

அவர் கட்டுப் போட்ட தோளை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"நல்ல பலமாத்தான் மடிச்சிருக்கிய," என்றார்.

அதில் குத்தல் இல்லை. நான் வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் நின்று, அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்ததில் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

விசாரணையின் கடைசி நாள் அவரும் வந்தார். கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அறையில் ஏ.சி.யிலிருந்து தண்ணீர் சொட்டியது. கீழே வைத்திருந்த வாளி நிறைந்துகொண்டிருந்தது. மேலதிகாரி நடுவில், ஒரு பக்கம் சாப்பாட்டுக் கம்பெனி மேனேஜர், மறுபக்கம் பணிப்பெண்களின் தலைமை அம்மா. அந்தப் பெண் எனக்கு அடுத்த நாற்காலியில் கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவர் ஆஸ்பத்திரியில் சொன்னதையே அங்கேயும் சொன்னார். பட்டை குறுக்கே இருந்தது, பார்த்தேன், தட்டவில்லை, திறந்தேன். மேனேஜர், மருந்து மயக்கத்தில் சொல்கிறார் என்றார். கொஞ்சம் ஆலோசித்துச் சொல் என்று மேலதிகாரி இரண்டாவது முறையாகக் கேட்டார். ஆலோசித்தாயிற்று சாரே என்று அவர் பதில் சொன்னார். வாளியில் சொட்டுவது கேட்டது.

பக்கத்தில் இருந்த பெண் எழுந்து நின்றாள். யாரும் அவளை எழச் சொல்லவில்லை.

"ஞான் கம்பி ஊரியில்ல சார்," என்றாள். கழற்றவில்லை என்று.

விமானம் தரையிறங்கும் நேரத்தில் கடைசி வரிசையில் ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்திருக்கிறது. தாய் பயந்து எழுந்துவிட்டாள். இவள் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு, பிறகு அவர்களை முன்வாசல் வரை கொண்டுபோய் விட்டு, திரும்பி வந்தபோது கதவு திறந்திருந்தது. கம்பி ஞாபகமே வரவில்லை. வேலை போய்விடும் என்று மூத்தவர்கள் சொன்னதால் கழற்றினேன் என்று சொன்னாளாம். தலைமை அம்மா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை இப்போது எப்படி இருக்கிறது என்று மேலதிகாரி கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. அதை விசாரிக்கச் சொல்லி அவர் ஒரு ஆளை அனுப்பினார். குழந்தை நன்றாக இருப்பதாகச் சாயங்காலம் தகவல் வந்தது.

முடிவில் அந்தப் பெண்ணைக் கொஞ்ச காலம் பறக்க விடாமல், மறுபடி வகுப்பில் உட்காரவைத்து, பிறகு சேர்த்துக்கொண்டார்கள். லாரிக்காரர்கள் வெளியிலிருந்து கதவைத் திறக்கவே கூடாது, தட்ட வேண்டும், உள்ளே இருப்பவர் கண்ணாடியில் கட்டைவிரலைக் காட்டிவிட்டுத் தானே திறக்க வேண்டும் என்று புது விதி வந்தது. பட்டையைச் சும்மா விட்டுவைப்பது குற்றம் என்று ஆனது. சாப்பாட்டுக் கம்பெனி அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டது. பட்டையைப் பார்க்கவேயில்லை என்று சொல்லியிருந்தால் எச்சரித்து விட்டிருப்பார்கள். பார்த்தும் திறந்தேன் என்று சொன்னது மேனேஜருக்குப் பொறுக்கவில்லை.

மழைக்காலம் முடிந்து ஒரு சாயங்காலம், பழவங்காடியில் பஸ் இறங்கி வீட்டுக்கு நடந்தபோது அவரைப் பார்த்தேன். எங்கள் சந்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மிளகாய் வத்தல் மொத்தக் கடையில் சேர்ந்திருந்தார். லோடு இறக்குவதைப் பார்க்கும் வேலை. கடை வாசலில் நின்று தும்மிக்கொண்டிருந்தார். நான் நின்றேன். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், தும்மல் வந்தது. மறுபடி திறந்தார், மறுபடி வந்தது. பழகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள் என்று கடைசியில் சொன்னார். பழகவில்லை. அங்கே வேலை பார்த்த காலம் முழுக்கத் தும்மிக்கொண்டுதான் இருந்தார்.

அதற்குப் பிறகு நான் அந்தத் தெரு வழியாகவே வர ஆரம்பித்தேன். அது சுற்றுவழி. அவர் தோளைப் பற்றிக் கேட்பேன். அவர் கதவுகளைப் பற்றிக் கேட்பார். கதவில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு, பதிலை முழுதாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான். ரப்பர் எப்படி வெடிக்கும், கீலுக்கு என்ன கிரீஸ், சிலிண்டரில் அழுத்தம் குறைந்தால் எப்படித் தெரியும் என்று ஒன்றொன்றாகக் கேட்பார். நடுவில் தும்முவார். நான் நிறுத்திவிட்டுத் தொடர்வேன். தை மாதம் ஒருநாள், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று நான்தான் கேட்டேன். உங்க வீட்டுல என்ன சொல்லுவாங்க என்றார். அதற்கு அர்த்தம் சரி என்பது.

வீட்டில் சொன்னேன். இரண்டு வீட்டுக்கும் சொந்தம் கிடையாது, ஊரும் வேறு. அப்பா அதையெல்லாம் பேச்சில் எடுக்கவில்லை.

"ஆளு யாரு? உன் சீலை விரிஞ்சு அடிபட்டானே, அவனா?"

ஸ்லைடை அவர் கடைசிவரை சீலை என்றுதான் சொன்னார். ஆமாம் என்றேன்.

"அவன் விசாரணையில போயி உள்ளத உள்ளபடி சொன்னவனாக்கும். சாலையில யாவாரத்துல நிக்கணும்னா அது சரிப்படுமா மக்ளே? கெஜம் எத்தனைன்னு கேட்டா உள்ள கெஜத்தச் சொல்லிருவான்."

இரண்டு நாள் அவர் அதையே யோசித்தார். கடையில் இருந்தவர்களிடமும் கேட்டிருக்கிறார். பொய் சொல்லாத மாப்பிள்ளை வேண்டாம் என்று வெளியே சொல்ல முடியாது என்பதுதான் அவருக்கு இருந்த பெரிய சங்கடம். கடைசியில் சம்மதித்தார். அம்மா ஒரு கேள்விதான் கேட்டாள். அடிபட்ட கையை மாலை போடுகிற அளவுக்குத் தூக்க முடியுமா என்று. முடியும் என்று நான் சொன்னேன். மண்டபத்தில் பார்த்தபோது, என் கழுத்து உயரம் வரைதான் வந்தது. நான் தலையைக் குனிந்து கொடுத்தேன். பெண்ணுக்கு எவ்வளவு அடக்கம் என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

அந்தப் பணிப்பெண்ணும் கல்யாணத்துக்கு வந்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு, எங்களைப் பார்த்ததும் அழுதாள். எங்கள் மேலதிகாரி அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு மண்டபத்தின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கல்யாணத்துக்குப் பிறகு, எனக்குக் கிடைத்த சலுகை டிக்கெட்டில் சென்னையில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போனோம். எத்தனையோ விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றியவர் என்றாலும், அவர் விமானத்தில் பறப்பது அதுதான் முதல்முறை. கவுண்ட்டரில், கதவு இல்லாத இடமாக ஒரு சீட் கேட்டார். எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்தில் ஏதாவது ஒரு கதவு இருக்கும்படிதான் விமானத்தைச் செய்கிறார்கள் என்று நான் சொன்னேன். அப்படியானால் ஜன்னலோரம் போதும் என்றார். விமானம் மேலே ஏறியதும் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். பிறகு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. முன்கதவின் மேல் மூலையிலிருந்து மெல்லிய விசில் ஒன்று வந்துகொண்டிருந்தது. ரப்பர் எங்கோ விட்டிருக்கிறது. வேறு யாருக்கும் அது கேட்டதாகத் தெரியவில்லை. ஆபத்தான சத்தம் இல்லை, ஆனால் கேட்க ஆரம்பித்துவிட்டால் வேறெதுவும் கேட்காது. சென்னையில் இறங்கியதும் அவரைப் பெட்டிகளோடு நிற்கச் சொல்லிவிட்டு, அங்கிருந்த பராமரிப்பு ஆட்களைத் தேடிப் போய்ச் சொன்னேன். புதுச் சேலையும் கழுத்தில் புதுத் தாலியுமாக வந்து கதவு ரப்பரைப் பற்றிப் பேசும் பெண்ணை அவர்கள் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். ஏணி வைத்து ஏறிப் பார்த்தார்கள். மேல் மூலையில் விரல் நீளத்துக்கு விண்டிருந்தது. அதை மாற்றிவிட்டு அடுத்த பயணத்துக்கு அனுப்பியதில் விமானம் தாமதம் ஆனது. பயணிகள் சத்தம் போட்டார்கள்.

நான் வெளியே வந்தபோது அவர் பெட்டிகள் மேல் உட்கார்ந்திருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டார். சொன்னேன். எந்த மூலை, எவ்வளவு நீளம் என்று கேட்டார். அதையும் சொல்லிக்கொண்டே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம்.